புத்தகக் கணக்கை விட்டு நேரக் கணக்கு

இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுச் சுவரில் "இத்தனை புத்தகம்" என்று இலக்கு எழுதி ஒட்டுவோம். தடித்த நாவல் ஒன்று மாட்டினால் என் கணக்கு அதோடு நின்றுவிடும். மகளோ எண்ணிக்கை ஏறட்டும் என்று மெல்லிய படக்கதைகளாகவே பொறுக்குவாள். கெட்டிக்காரி.

இந்த முறை நேரக் கணக்கு வைத்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் 20 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்று பார்த்தாலும் 300 பக்க நாவல் 15 நாளில் முடிகிறது. பிடிக்காததைப் பாதியில் வைக்கலாம், ஏன் என்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கிறேன். போனில் வாசிப்பது எனக்கு அவ்வளவு உவப்பில்லை, ஆனால் வேறு வழியில்லை.

வாசித்த புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதுதான் பெரிய தலையிடி. மகள் பின்னட்டையில் உள்ளதை அப்படியே கொப்பியில் இறக்கிவிடுவாள். சரி, கதைச் சுருக்கமே வேண்டாம் என்றேன். எந்த இடத்தில் அலுத்தது, யார் மேல் கோபம் வந்தது, எந்தச் சிநேகிதிக்கு இதைக் கொடுப்பாய் என்று கேட்டேன். இதற்கெல்லாம் பின்னட்டையில் பதில் இல்லையே! சின்னவன் எழுதமாட்டான்; படம் வரைவான், அவன் சொல்வதை நான் கீழே எழுதுவேன். எனக்கு, வாசிக்கும்போதே பக்க எண்ணோடு ஒரு வரி குறித்துவைத்தால் போதும். முடிவைச் சொல்லாமல் எழுதுவதுதான் இன்னும் கைவரவில்லை.