சேலத்திலிருந்து சென்னையின் பெரிய மீன் காட்சியகத்துக்கு: பயணத்தைத் திட்டமிடும் முறை

சேலத்துக்காரர்களுக்கு மீன் என்றால் மேட்டூர்தான். அணையைப் பார்த்துவிட்டு வாசலில் கட்லா வறுவலையும் ஜிலேபி வறுவலையும் வாங்கித் தின்று வளர்ந்த நமக்குக் கடல் மீன் என்பது பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கும் சரக்காக மட்டுமே தெரியும். ஆகவே பிள்ளைகளை ஒரு பெரிய மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பயணம் செய்து, ஓர் இரவுத் தூக்கத்தையும் குடும்பத்தின் ஒரு மாதச் சேமிப்பையும் செலவழித்துவிட்டு, ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில் அரங்கு அரங்காக நடப்பதைப்போல முக்கால் மணி நேரத்தில் எல்லாத் தொட்டிகளையும் கடந்து வெளியே வந்துவிடுபவர்களே பெரும்பாலோர். முதன்முறை நானும் அப்படித்தான் வந்தேன். திட்டத்தை ரயில் சீட்டிலிருந்து தொடங்காமல், எந்தத் தொட்டியின் முன் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும் என்பது அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது.

நமக்கு வசதியான இடம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் திறக்கப்பட்ட விஜிபி மரைன் கிங்டம். தலைக்கு மேலும் இரு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்க நடுவே நடந்து செல்லும் சுரங்கப்பாதை அங்கே உண்டு. இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் 1909இல் திறக்கப்பட்டதும் சென்னையில்தான். மெரினா கடற்கரையில் இருந்த அதற்கு வித்திட்டவர் அன்றைய அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அந்தப் பழைய கட்டடத்தைத் தேடிப் போக வேண்டாம். ரயிலில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையாக அது பயன்படும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு, மே மாதத்தின் எந்த நாளும், பொங்கலை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குறிப்பாகக் காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நகர்வதே அரிது. தேர்வு முடிந்த மறுநாள் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள், ஊரே அன்றுதான் கிளம்புகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்று, அதுவும் காலையில் கதவு திறக்கும் நேரம், மிகவும் உகந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு நாள் விடுப்பு கேட்பதில் தவறில்லை. மழைக்காலம் என்று தயங்கவும் வேண்டியதில்லை. காட்சி முழுவதும் கூரைக்கு உள்ளேதான் இருக்கிறது.

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. குழந்தைகளுக்கான கட்டணம் வயதைப் பொறுத்ததா, உயரத்தைப் பொறுத்ததா என்பது முதலாவது. மீன்களுக்கு இரை போடும் நேரம், முக்குளிப்பவர் தொட்டிக்குள் இறங்கும் நேரம் என ஏதேனும் உண்டா என்பது இரண்டாவது. ஒருமுறை வெளியே வந்தால் மீண்டும் உள்ளே போகலாமா என்பது மூன்றாவது. பெரும்பாலான காட்சியகங்களில் பாதை ஒருவழியாகவே அமைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையைச் சுற்றித்தான் அன்றைய நாளை அமைக்க வேண்டும். இரை போடும் நேரத்தில்தான் மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை எழும். பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், விலாங்குபோல் நீண்ட அஞ்சாலை மீனின் முழு உடலையும் பார்க்க முடியும்.

ரயிலைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் சேலம் சந்திப்பில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் செல்லும் ரயில் சேலம் டவுன், ஆத்தூர் பக்கத்தவர்களுக்கு வசதி. இரண்டிலும் விடியற்காலையில் இறங்கும் பிள்ளைகள் பத்து மணிக்குள் சோர்ந்துவிடுவார்கள் என்பதால், இரண்டு மூன்று மணி நேரம் படுத்து எழ ஓர் அறையோ உறவினர் வீடோ கட்டாயம் தேவை. மாற்றாக, காலையில் கோவையிலிருந்து சேலம் வழியாக வரும் வந்தே பாரத் ரயிலில் ஏறினால் நண்பகலை ஒட்டிச் சென்னை சேரலாம். அது வாரத்தில் ஒரு நாள் ஓடாது என்பதால் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில் வருபவர்கள் முதல் நாள் மாலையைக் கடற்கரைக்கு விட்டுவிட்டு, மறுநாள் காலை காட்சியகத்துக்குப் போவதே சிறப்பு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். சென்ட்ரலிலிருந்து எதிரே உள்ள பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ ஈஞ்சம்பாக்கம் போவது செலவு குறைந்த வழி. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் கொண்டு, மலை இறங்குமுன் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய ஊட்டாமல் சேலத்தில் சாப்பிட வைப்பது நல்லது.

இனி, பலரும் செய்யாத, ஆனால் நான் பெரிதும் வலியுறுத்தும் ஓர் ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டுக்கோ உங்கள் பகுதி மீன் கடைக்கோ அழைத்துச் செல்லுங்கள். முதலில் ஒரு கட்லாவைக் காட்டி, தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிறிய சுறாவைக் காட்டுங்கள். அதற்கு மூடி இல்லை, கத்தியால் கீறியதுபோல் பக்கத்துக்கு ஐந்து பிளவுகள் மட்டுமே இருக்கும். தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் அதன் தோல் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் உப்புத்தாளைப்போல உரசும். பிறகு கடைக்காரரிடம் சொல்லி ஒரு திருக்கையைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். வெள்ளை வயிற்றுப் பக்கத்தில் இரண்டு கண்களும் சிரிக்கும் வாயும் கொண்ட ஒரு முகம் தெரியும். என் அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அத்தை, செத்த பின்னாடியும் இது சிரிக்குதுங்களா?” என்று கேட்டாள். கண்களைப்போலத் தெரிபவை உண்மையில் மூக்குத் துளைகள். கண்கள் முதுகுப் பக்கத்தில் உள்ளன. கண்களுக்குப் பின்னால் உள்ள துளைகளின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து அடிப்பக்கச் செவுள் பிளவுகளின் வழியாக வெளியேற்றுவதால்தான், மணலில் புதைந்து கிடக்கும்போதும் அதனால் மூச்சு விட முடிகிறது. கையில் தொட்டுத் தெரிந்துகொண்ட இந்த விவரங்களோடு போகும் பிள்ளை, சுரங்கப்பாதையில் தலைக்கு மேல் திருக்கை மிதந்து செல்லும்போது வாய் பிளந்து நிற்பதோடு விடாமல் செவுள்களை எண்ணத் தொடங்கும். கடைக்காரரின் நேரத்தை எடுத்துக்கொண்டதற்காக அரைக் கிலோவாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

காட்சியகத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் முதல் தொட்டியிலேயே தேங்கி நிற்கும். அதை விட்டுவிட்டு நேரே முன்னேறிப் பெரிய தொட்டிக்குப் போய், கூட்டம் வருமுன் அங்கே இடம் பிடிக்கலாம். ஒருவழிப் பாதையாக இருந்தால் முதல் பகுதிகளில் அளவாக நின்று, நேரத்தைக் கடைசிப் பகுதிக்குச் சேமித்து வைக்க வேண்டும். பெரிய தொட்டியின் முன் குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடங்களில் எல்லாம் ஒரே கலவையாகத் தெரியும். பத்து நிமிடங்கள் கழிந்த பிறகு, ஒரு சுறா எப்போதும் ஒரே பாதையில் சுற்றுவதும், ஒரு களவா மீன் தன் பாறையை விட்டு நகராமல் இருப்பதும், சிறு மீன் கூட்டம் பெரியது ஒன்று நெருங்கும்போது பிளந்து மீண்டும் சேர்வதும் தனித்தனியாகத் தெரிய வரும். தட்டையான கண்ணாடியாக இருந்தால் நான்கு மீட்டர் உள்ளே இருக்கும் மீன் மூன்று மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும் என்பதையும், அதனால் அது இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பதையும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒளிவிலகல் பாடம் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனைச்சாலை கிடைக்காது.

சிறிய தொட்டிகளில் கோமாளி மீனுக்கு மட்டும் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பூவைப்போலத் தெரியும் கடல் விலங்கான கடற்சாமந்தி ஒன்றில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியதே பெண்; அது இறந்தால் அடுத்த பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். கூட்டத்தில் யார் தலைவி என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் மல்லுக்கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். நன்னீர்ப் பகுதியில் அமேசானைச் சேர்ந்த அரபைமா இருந்தால் பொறுமையாகக் காத்திருங்கள். அது செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீன் அல்ல; சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுத்தான் போகும். அந்த ஒரு மடக்கை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம்.

கைப்பேசியின் ஃபிளாஷை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. மேலும் ஃபிளாஷ் போட்ட படத்தில் மீனுக்குப் பதிலாகக் கண்ணாடியில் தெறித்த வெளிச்சமே விழும். கண்ணாடியைத் தட்டுவது அதைவிடக் கெடுதல். காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஒலி தண்ணீரில் பாயும் என்பதாலும், உடலின் பக்கவாட்டுக் கோட்டால் அதிர்வை உணரும் உயிர்கள் அவை என்பதாலும், நமக்கு ஒரு தட்டாக இருப்பது அவற்றுக்குப் பெரும் தொல்லை.

உள்ளே குளிர்பதன வசதி இருப்பதால் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். ஏற்காட்டுக்காரர்களுக்கு அது எப்படியும் பையில் இருக்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு முன்பே சாப்பிட்டுவிடுவதும், கழிப்பறைக்குப் போய்விட்டே நுழைவதும் ஒருவழிப் பாதையில் பெரும் சங்கடத்தைத் தவிர்க்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் சக்கர நாற்காலி கிடைக்குமா என்பதையும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் பயணத்தின்போது மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடியற்காலை ரயிலில் இறங்கி, அறை எடுக்காமல், நேரே வரிசையில் போய் நின்றோம். சுரங்கப்பாதையை அடைந்தபோது அண்ணன் மகன் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஒரு பெரிய சுறா இரண்டு முறை கடந்து சென்றது, எழுப்பியும் எழவில்லை. இரண்டாம் பயணத்துக்கான செலவு முழுவதும் அந்த ஓர் அறை வாடகையை மிச்சப்படுத்தியதால் வந்தது.

திரும்பி வரும்போது இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்திருந்தால் கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். போகும்போது சென்னையே கடைசி நிறுத்தம் என்பதால் கவலை இல்லை. வரும்போது அந்த ரயில் விடியுமுன் சேலத்தைக் கடந்துவிடும்; நாள் முழுவதும் நடந்த களைப்பில் குடும்பமே அயர்ந்துவிட்டால், கண் விழிக்கும் இடம் ஈரோடாக இருக்கும்.