முட்டையை மட்டும் எண்ணி ரகத்தை எடைபோடாதீர்கள்

சேமித்த பயறைத் துளைக்கும் பயறு வண்டு எந்தப் பயறு ரகத்தில் அதிகம் பெருகும் என்று சோதிக்க உட்காருபவர்கள் முதலில் விதை மேல் ஒட்டியிருக்கும் முட்டைகளைத்தான் எண்ணுகிறார்கள். குறைவாக இருந்தால் உடனே 'எதிர்ப்பு ரகம்' என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டை விடுவது அங்கேதான். தாய் வண்டு பெரும்பாலும் விதையின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தே முட்டை இடுகிறது. வழுவழுப்பாக இருந்தால் கண்ணாடி மணி மேல்கூட இட்டுவிடும்! புழுவுக்கு உள்ளே இருக்கும் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கணக்கு.

ராஜ்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைப்பயறைத் தாக்கும் வண்டு அதன் மேலும் முட்டை இடும், ஆனால் துளைத்து உள்ளே போன புழு பிழைக்காது, ஏனென்றால் அந்த விதையில் உள்ள ஆல்ஃபா அமைலேஸ் தடுப்பான் என்ற புரதம் மாவுச்சத்தைச் செரிக்க விடாது. அதே ராஜ்மாவில் வேறு இன வண்டுகள் சுகமாக வளர்கின்றன. ஆகவே எந்த வண்டு என்று சொல்லாமல் 'இந்த ரகம் வண்டு தாங்கும்' என்று பொதுவாகச் சொல்வதும் தவறுதான்.

முட்டையை எண்ணத்தான் வேண்டும், ஆனால் பொரித்ததையும் பொரிக்காததையும் பிரித்து எண்ணுங்கள். புழு துளைத்து உள்ளே போகும்போது கழிவு முட்டை ஓட்டுக்குள் நிரம்பி அது வெள்ளையாகிவிடும், பொரிக்காதது கண்ணாடிபோலவே இருக்கும். இதைப் பார்க்காமல் விட்டால், வண்டு வெளிவராததற்குக் காரணம் விதையா, பொரிக்காத முட்டையா என்று கடைசியில் பிடிபடாது.

அப்புறம் நாள் கணக்கு, அதாவது முட்டை இட்டதிலிருந்து வண்டு வெளிவர எத்தனை நாள் என்பது. எனக்கு இதுதான் முக்கியம், பலரும் எழுதாமல் விடுவதும் இதைத்தான். ஒரு பேச்சுக்கு, இரண்டு ரகத்திலும் 80 வண்டுகள் வெளிவந்தன, ஆனால் ஒன்றில் 25 நாளில், இன்னொன்றில் 40 நாளில் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. டோபி குறியீட்டில் (வெளிவந்த வண்டுகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையை வளர்ச்சி நாட்களின் இடைநிலையால் வகுத்து 100ஆல் பெருக்குவது; கூடினால் வண்டு அந்த ரகத்தில் வேகமாகப் பெருகும்) முதலாவது சுமார் 17.5, இரண்டாவது சுமார் 11. 120 நாள் சேமிப்பில் ஒன்றில் கிட்டத்தட்ட ஐந்து தலைமுறை, மற்றதில் மூன்று.

வெளிவந்த பெண் வண்டுகள் எத்தனை முட்டை இடுகின்றன என்பதையும் பாருங்கள், சத்துக் குறைந்த விதையில் வளர்ந்தவை சிறுத்துப்போய்க் குறைவாக இடும். பெரிய விதை ரகத்தையும் சின்ன விதை ரகத்தையும் விதைக்கு இத்தனை என்று ஒப்பிடாதீர்கள், பெரிய விதையில் இடமும் தீனியும் கூடுதல். எடைக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விதை ஈரப்பதம் எல்லா ரகத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சோதனைக்காக விதையில் விட்ட தாய் வண்டுகளைக் குறித்த நாளில் எடுத்துவிடுங்கள். வெளிவரும் வண்டுகளை தினமும் எண்ணி அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அவை அங்கேயே கூடி முட்டை இட்டு, நீங்கள் எண்ணுவது மகளா பேத்தியா என்றே தெரியாமல் போய்விடும்.