பயிற்சி பற்றிய மாணவர் ஆய்வுப் போட்டி: பாக்கெட் தையலில் நான் கற்ற செய்முறை

முதுகலை முதலாம் ஆண்டில், பயிற்சித் துறைக்கான ஒரு மாணவர் ஆய்வுப் போட்டிக்கு, வடசென்னைப் பெண்களுக்குத் தந்த தையல் பயிற்சி பற்றிக் கட்டுரை அனுப்பினேன். முதல் சுற்றிலேயே திரும்பி வந்தது. நடுவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "பயிற்சிக்கு முன்பு இவர்கள் எப்படித் தைத்தார்கள்?" என்னிடம் பதில் இல்லை. மறு ஆண்டு அதே இடத்தில் புதிதாகத் தொடங்கினேன். கட்டுரை இறுதிச் சுற்றுவரை போனது. இரண்டு முயற்சிகளுக்கும் நடுவே என்ன மாறியது என்பதை, முதன்முறை எழுதுகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தப் போட்டி என்று முதலில் தெளியுங்கள்

திறன் போட்டி வேறு, ஆய்வு விருது வேறு. வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்ற பன்னாட்டுத் தொழில்திறன் போட்டி போன்றவற்றில் மாணவரே மெஷினில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். 1950இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் கலந்துகொண்ட போட்டியாகத் தொடங்கிய அது, இன்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. பெரும்பாலான பிரிவுகளில் 22 வயதுதான் உச்ச வரம்பு. ஆய்வு விருதிலோ, ஒரு பயிற்சி உண்மையில் வேலை செய்ததா என்பதை நீங்கள் நிறுவ வேண்டும். அமெரிக்காவில் மனிதவள மேம்பாட்டு அறிஞர்களின் கழகம் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு வயதுவந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் பெயரில் தரும் விருது இந்த வகை. கல்லூரி அளவிலான போட்டிகளும் இதே அளவுகோலைத்தான் சிறிதாக்கிப் பயன்படுத்துகின்றன. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கானது. ஆனால் முதல் வகையிடமிருந்து ஒரு நல்ல கருவியைக் கடன் வாங்கப்போகிறோம். அது நான்காவது படியில் வரும்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

"வடசென்னைப் பெண்களின் வாழ்வில் திறன் பயிற்சியின் தாக்கம்" என்பது என் முதல் தலைப்பு. அதை ஆறு மாதத்தில் யாராலும் ஆராய முடியாது. இரண்டாம் முறை கேட்டது இதுதான்: கால்மிதி மெஷின் மட்டுமே தெரிந்த பெண்கள், பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகு பவர் மெஷினில் சட்டைப் பாக்கெட்டை எவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் தைக்கிறார்கள்?

இடம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக்கூடம். என் சித்தி அங்கே சூப்பர்வைசர். பயிற்சிக்கு வந்தவர்கள் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பெண்கள்.

3. பயிற்சி தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள்

நான் விழுந்தது இங்கேதான். அதனால் நிதானமாகப் போகலாம்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளை வகுத்தார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையிடத்தில் செய்முறை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. முதல் ஆண்டு நான் அளந்தது முதல் நிலையை மட்டும். கடைசி நாளில் படிவம் கொடுத்தேன். எல்லோரும் "மிக நன்று" என்று குறித்தார்கள். அதைக் காட்டியபோது சித்தி கேட்டார்: "பாப்பா, டீயும் பன்னும் கொடுத்துப் பன்னிரண்டு நாள் சொல்லித் தந்தால் யார்தான் நன்றாக இல்லை என்பார்கள்? பாக்கெட் மூலை நேராக வருகிறதா என்று பார்த்தாயா?" நடுவர் கேட்டதும் அதே கேள்விதான். சித்தி முந்திக்கொண்டார், அவ்வளவே.

இரண்டாம் முறை பயிற்சிக்கு முந்தைய நாள் மாலை, ஒவ்வொருவரையும் ஐந்து பாக்கெட்டுகள் தைக்கச் சொன்னேன். ஸ்டாப்வாட்சில் நேரம். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டிலும் மூன்று குறைகளை எண்ணினேன்: தையல் விடுபட்ட இடம், துணி சுருங்கிய இடம், மூலை கோணியது. பயிற்சி முடிந்த மறுநாள் அதே வேலை, அதே துணி, அதே மெஷின்.

இது மட்டும் போதாது. ஒரே வேலையை இரண்டாம் முறை செய்தால் யாருக்கும் கொஞ்சம் கை பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பயிற்சியின் பலனாக எண்ணிவிடக் கூடாது. அதற்கு ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். யாருக்கும் பயிற்சியை மறுப்பது நியாயமல்ல. எனவே அடுத்த அணிக்காகக் காத்திருந்தவர்களையே ஒப்பீட்டுக் குழுவாக்கினேன். அதே கூடத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த எட்டுப் பெண்கள், அதே இரண்டு நாட்களில் அதே ஐந்து பாக்கெட்டுகளைத் தைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். பயிற்சி பெற்றவர்களின் இடைநிலை நேரம் (எல்லோருடைய நேரத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 31 நிமிடத்திலிருந்து 19க்கு வந்தது. காத்திருந்தவர்களுடையது 30இலிருந்து 27. முன்னவர்கள் குறைத்தது 12 நிமிடம், பின்னவர்கள் 3. எனவே பயிற்சியின் பங்கு என்று நான் உரிமை கோரக்கூடியது 9 நிமிடம்தான். பன்னிரண்டு என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒன்பது என்று எழுதியதால்தான் நடுவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

4. சுத்தத்துக்கு மதிப்பெண் போட இருவராவது வேண்டும்

நேரத்தை வாட்ச் சொல்லும். "தையல் அழகு" என்பதை ஒருவரே முடிவு செய்தால் அது அவர் ரசனை. வேர்ல்ட் ஸ்கில்ஸ் நடுவர்கள் இதற்கு 0 முதல் 3 வரை அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: தொழில்தரத்துக்குக் கீழே, தொழில்தரம், அதைச் சில இடங்களில் மிஞ்சியது, மிகச் சிறப்பு. நடுவர்களின் மதிப்பெண்கள் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் பேசித் தீர்க்க வேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு கட்டிங் மாஸ்டர்கள் மதிப்பிட்டார்கள். எந்தப் பாக்கெட் யாருடையது, பயிற்சிக்கு முன்னதா பின்னதா என்பது அவர்களுக்குத் தெரியாது. துண்டுச்சீட்டில் எண் மட்டும்.

பெயருக்குப் பதில் எண் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கூலி பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ப. யார் மெதுவாகத் தைக்கிறார் என்ற பட்டியல் முதலாளி கைக்குப் போனால், அந்தப் பெண்ணின் வேலைக்கே ஆபத்து. தனிநபர் கணக்கை யாருக்கும் தரமாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி, அதை உரக்கப் படித்துக் காட்டினேன். முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டு வாங்கப் பார்ப்பார்கள், கொடுக்காதீர்கள்.

5. ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள்

கற்றது வேலையிடத்தில் நின்றதா என்பது அப்போதுதான் தெரியும். பருவமழைக் காலத்தில் இந்தத் தேதியை வைக்காதீர்கள். வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் நின்றால் யாரும் வேலைக்கு வர முடியாது. ஒருமுறை நான் போனபோது கூடம் பாதி காலியாக இருந்தது.

6. கணக்கும் எழுத்தும்

இருபது பேருக்குச் சராசரி ஆபத்தானது. ஒருவர் நூல் அறுந்து பத்து நிமிடம் நின்றாலும் மொத்தமும் சாயும். இடைநிலையைப் பயன்படுத்துங்கள். முன்-பின் ஒப்பீட்டுக்கு, ஃபிராங்க் வில்காக்சன் 1945இல் வகுத்த தரவரிசைச் சோதனை போதும். காசு கொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருள் தேவையில்லை. ஜமோவி என்ற மென்பொருள் இலவசம், அதில் முன்-பின் அளவுகளை ஒப்பிடும் இணை மாதிரி டி சோதனைப் பக்கத்திலேயே வில்காக்சனுக்கான கட்டத்தை 'டிக்' செய்துவிடலாம். ஜாஸ்ப் என்ற இன்னொரு மென்பொருளும் நல்லது, ஆனால் ஜமோவியின் தரவுத்தாள் எக்செல் பழகியவர் கைக்கு உடனே பிடிபடும். தரவை எடுக்கும் இடத்தில் மட்டும் காகிதத்தையே நம்புங்கள். பஞ்சுத் தூசியில் போனைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாது.

பின்சேர்க்கை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தோழி கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்: "பயிற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, முன் அளவு இல்லை. விட்டுவிடலாமா?" வேண்டாம். அடுத்த அணி சேரும் நாளில் புதியவர்களை அளந்து, இப்போது முடிப்பவர்களோடு ஒப்பிடுங்கள். இரண்டு அணியினரின் முன் அனுபவத்தையும் ஒரு அட்டவணையில் காட்டி, இது முன்-பின் அளவைவிட வலுக்குறைந்தது என்று வரம்புகள் பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

இன்னொருவர் கேட்டது, நடுவில் நின்றுவிட்டவர்களைப் பற்றி. என் ஆய்வில் மூவர் நின்றார்கள். இருவர் வேறு கூடத்துக்குப் போனார்கள், ஒருவர் பிரசவத்துக்கு. அவர்களைக் கணக்கிலிருந்து மறைக்காதீர்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஏன் என்று முடிவுகளின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நேர்முகத்தில் என்னிடம் முதலில் கேட்டதே அந்த மூவரைப் பற்றித்தான்.