மூடி இல்லாத டேங்கும் முறைக்காய்ச்சலும்

போன வாரம் மூன்றாம் மாடிப் பெண் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துடுச்சாமே, பாப்பாவுக்குப் போட்டுடலாமா?" மந்தைவெளியில் எட்டு வீடுள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வந்த பதவி. கொசு, தண்ணீர் லாரி, குப்பை எதுவானாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

ஊசி வந்தது உண்மைதான், அதுவும் இரண்டு. ஆர்டிஎஸ்எஸ் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலும், ஆர்21 என்பதை 2023 அக்டோபரிலும் பரிந்துரைத்தது. ஆர்21 ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தது, தயாராவது நம்ம புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டில். ஆனாலும் பாப்பாவுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. கேமரூன், கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் ஐந்து மாதக் குழந்தையிலிருந்து தொடங்கி நான்கு தவணையாகப் போடுகிறார்கள். அங்கே குழந்தைகளைக் கொல்வது ஃபால்சிபாரம் என்ற கிருமி, ஊசியும் அதற்கென்றே செய்தது. சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியாக் கிருமி. கொசுவால் வரும் நோய்களுக்கு நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இருப்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிதான். அதுவும் கடலூர், விழுப்புரம் மாதிரி பாதிப்புள்ள மாவட்டங்களில்தான்.

அதனால் அவளிடம் ஊசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு டார்ச் லைட்டைக் கையில் கொடுத்தேன். மொட்டைமாடிக்குப் போனோம்.

சாக்கடைக் கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைத் தராது. நகரத்து மலேரியாவைக் கொண்டுவருவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்சை என்ற கொசு. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். நாம் காசு கொடுத்து ஏற்றி வைக்கிறோமே, அந்தத் தண்ணீர். மேல்நிலைத் தொட்டி, சம்ப், கிணறு எல்லாம் அதற்குப் பிறந்த வீடு.

2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் டேங்க் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. புது மூடி வாங்கும்வரை இருக்கட்டும் என்று ஒரு பிளைவுட் துண்டை வைத்துச் செங்கல்லை ஏற்றினோம். அடுத்த ஆகஸ்ட்வரை அந்தச் செங்கல் அங்கேயே இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் எனக்கும் முதல் மாடித் தாத்தாவுக்கும் மலேரியா. அதே டேங்க்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிளைவுட்டைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே புழு நெளிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் மோட்டார் போடுவதற்கு முன் போங்கள், தண்ணீர் அசையாமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் நிழல் பட்டுப் புழுக்கள் கீழே போய்விடும். இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஓரமாக டார்ச் அடியுங்கள். தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசு. தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி, நூல்துண்டு மாதிரி படுத்திருந்தால் அனாஃபிலிஸ். வெள்ளைக் குவளையில் மொண்டு பார்த்தால் என் வயதுக் கண்ணுக்கும் தெரியும்.

எங்கள் பிளம்பர் காட்டிக்கொடுத்த இடங்கள் இவை: மூடி சரியாக இருந்தாலும் ஓவர்ஃப்ளோ பைப்பின் வாய் திறந்தே இருக்கும், கொசு அதற்குள் நுழையும். காற்றுக்குழாயும் அப்படித்தான். இரண்டுக்கும் ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் வலையைக் கட்டிக் கம்பியால் இறுக்குங்கள். வெயிலில் அது பொடிந்துபோகும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். சம்பின் இரும்பு மூடியில் தூக்குவதற்காக விரல் நுழையும் ஓட்டை இருக்கிறதே, அதையும் அடையுங்கள். எட்டு வருடமாக அதன் மேல் நடந்திருக்கிறேன், ஒருநாளும் தோன்றவில்லை.

புழு இருந்தால் தொட்டியை வடித்து, தேய்த்து, ஒருநாள் காயவிடுங்கள். முடியாவிட்டால் மாநகராட்சிப் பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் அளவு பார்த்து மருந்து ஊற்றுவார்கள். பின்பக்கக் கிணற்றில் எங்களுக்கு கம்பூசியா மீன் விட்டிருக்கிறார்கள், புழுவைத் தின்றுவிடும். ஆசையாக இருக்கிறதென்று அந்த மீனைக் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள், அங்கிருக்கும் சின்ன மீன்களையும் தவளை முட்டைகளையும் காலி செய்துவிடும்.

முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால் ஞாயிறுதோறும் ஒருமுறை பார்த்தால் சரியாக இருக்கும். எங்களுக்கு முறை வைத்திருக்கிறோம், மாடிச் சாவி அந்த வாரத்து வீட்டில் இருக்கும்.

டெங்குக் கொசு ஏடிஸ் தனி ரகம், பகலில் கடிக்கும். அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மணிபிளான்ட் பாட்டில், காக்கைக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் என்று வீட்டோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திர ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், மறுபடி நனைந்தால் பொரியும். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். தெருவில் புகை அடிக்கும்போது எல்லாரும் திருப்தியாகிவிடுகிறார்கள். அது பறக்கிற கொசுவைக் கொல்லும், தொட்டிப் புழுவை ஒன்றும் செய்யாது.

கீழ்வீட்டுப் பையன் கானாவுக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கும் மலேரியா ஊசி கிடையாது. டாக்டர் எழுதித்தரும் மாத்திரைதான், போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் டாக்டர் சொல்லும் நாள்வரை. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்துவிட்டால்? குளிர் உதறி, வியர்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் முறைக்காய்ச்சல் என்பார் எங்கள் அம்மா. ஆனால் ஆரம்பத்தில் அந்த முறையெல்லாம் தெரியாது, தினமும் அடிக்கும். காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

வைவாக்ஸ் என்று வந்தால் ரத்தத்தில் இருப்பதைக் கொல்ல மூன்று நாள் மருந்து, ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல 14 நாள் பிரைமாக்வின். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து, தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு நான்காம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரை வயிற்றைப் பிரட்டியது, ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன். நவம்பரில் திரும்ப வந்தது, புதுக் கொசு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் முறை என் மகள் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் வைப்பாள், விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் காலண்டரில் பெருக்கல் குறி போடுவாள். 14 குறிகள். அந்தக் காலண்டர் தாளை இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.