மூச்சு நோயாளிக்கு இதயத் தசை பயாப்ஸி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத் தசை பயாப்ஸி என்றால், கழுத்து ரத்தக் குழாய் வழியாகக் கருவியை இதயத்துக்குள் விட்டுத் தசையைச் சிறு துண்டுகளாகக் கடித்தெடுத்துச் சோதிப்பது. பல்லடம், அவிநாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் பஞ்சுத் தூசியில் நின்றவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது என்றால், நுரையீரல் கெட்டதால் வலது இதயம் களைத்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதுதான் காரணம் என்று எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் மற்றச் சோதனைகளிலும் தெளிவானபின் பயாப்ஸி எடுப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. தடித்த தசை தெரியும், சிகிச்சை மாறாது.

ஆஸ்துமாவோடு ரத்தத்தில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடும் வெள்ளணு) எகிறி இதயமும் தளர்ந்தால் பயாப்ஸிக்குப் பொருள் உண்டு. சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் கிரானுலோமா என்ற சிறு அழற்சி முடிச்சுகள் வரும் நோய்) சந்தேகம் என்றால், நுரையீரலிலோ நெஞ்சு நெறிக்கட்டியிலோ சதை எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இதயத்தில் அது திட்டுத்திட்டாக இருக்கும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் துண்டில் சிக்கும். 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்தாலே நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது படுக்கை. முந்தின நாளே வார்டில் ஒரே தலையணையில் அரைமணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். "படுக்க முடியலைங்க" என்பவருக்குக் கேத் லேபில் (பயாப்ஸி எடுக்கும் அறையில்) மயக்க ஊசியைக் கூட்டினால் மூச்சு மந்தப்பட்டுக் கார்பன் டை ஆக்சைடு ஏறும். நீரையும் இளைப்பையும் குறைத்துவிட்டு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். தலையை உயர்த்தி வைத்துக் கழுத்துச் சிரைக்குள் வைத்த குழாயைத் திறந்துவிட்டாலோ, இழுக்கும் மூச்சில் காற்று ரத்தத்துக்குள் போகும். சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும், நூறுக்கு ஏற்றாதீர்கள்.

ஊதிய நுரையீரலின் நுனி கழுத்தடிவரை ஏறி நிற்கும். தாழக் குத்தினால் காற்று கசியும். அல்ட்ராசவுண்ட் பார்த்து மேலே குத்துங்கள். பயாப்டோமின் (துண்டு கடிக்கும் கருவியின்) வாய் இதயத்தின் நடுச்சுவரை நோக்க வேண்டும். மெல்லிய வெளிச்சுவரில் கடித்தால் துளை விழும். அந்த நேரத்தில் ஒரு இருமல் போதும். "இருமல் வர்றாப்ல இருந்தா இடது கை விரலை ஆட்டுங்ணா" என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். விரல் ஆடியதும் கருவியைப் பின்னிழுக்கலாம்.

முடிந்தபின் மூச்சு முட்டினால் 'பழைய வீசிங்தான்' என்று நெபுலைசரை மட்டும் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பிரஷர் இறங்கிக் கழுத்துச் சிரை புடைத்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். எக்கோ கருவியை நெஞ்சில் வைத்தால் ஊதிய நுரையீரல் படத்தை மறைக்கும். விலாவுக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.

குறைந்தது ஐந்து துண்டுகள் வேண்டும். இடுக்கியால் நசுக்காமல் ஊசி நுனியால் எடுத்து, குளிராத ஃபார்மலினில் போடுங்கள். எல்லாவற்றையும் அதிலேயே போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நம் ஊரில் கிரானுலோமா என்றால் காசநோயாகவும் இருக்கும். ஃபார்மலினில் கிருமி வளராது. ஒரு துண்டு சலைன் பாட்டிலில் டிபி கல்ச்சருக்குப் போகவில்லையென்றால், ஸ்டீராய்டு தொடங்கும் முன் அவர் மறுபடியும் கழுத்தில் ஊசி வாங்க வேண்டிவரும்.