ரிப்பனை வெட்டி எறிந்தவன் சொல்கிறேன்

போன மாதம் சாந்தோமிலிருந்து ஒரு தம்பி வந்தான். “தாத்தாவுக்குப் போப்பாண்டவர் குடுத்தது சார்” என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். சிவப்பு எனாமல் பூசிய எட்டு முனைச் சிலுவை, மேலே இலை வளையம். போப்பாண்டவர் கொடுக்கும் நைட் பட்டமான செயின்ட் கிரகோரி ஆர்டர், சிவில் பிரிவு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் அது தொங்கிய ரிப்பன், பாரிமுனையில் மீட்டர் கணக்கில் விற்கிற புத்தம்புது பாலியஸ்டர்.

“பழைய ரிப்பன் எங்கப்பா?”

“நைஞ்சு போயிருந்துச்சு சார், தூக்கிப் போட்டுட்டேன். கலர் அதேதான்.”

“அகலம்?”

பதில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன்மேல். மீதி, இருபது வருடத்துக்கு முந்தைய என்மேல்.

பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், பெயர்ந்த எனாமலை ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் மெடலைத் தொடாமல் இருந்தாலே போதும். பழைய மெடல்களின் கதையைத் தேடுகிறவர்கள் செய்யும் வேறு தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

‘செவாலியே’ என்றதும் பிரான்சுக்கு ஓடுவது

நம்மூரில் செவாலியே என்றால் சிவாஜி கணேசன்தான். தி.நகரில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். 1995-ல் பிரான்ஸ் அவருக்குக் கொடுத்தது கலை, இலக்கியத்துக்கான ஆர்டர். 1957-ல் தொடங்கியது, பச்சை ரிப்பனில் வெள்ளைக் கோடுகள். இன்னமும் பலர் அதை லீஜியன் ஆஃப் ஹானர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது நெப்போலியன் 1802-ல் தொடங்கிய வேறு ஆர்டர், சிவப்பு ரிப்பன். இரண்டிலுமே செவாலியே என்பது முதல் படிக்கட்டின் பெயர், அவ்வளவுதான்.

போப்பாண்டவரிடம் நைட் பட்டம் பெற்ற கத்தோலிக்கர்களையும் நம் பக்கம் செவாலியே என்றே அழைத்தார்கள். ஆகவே கல்லறைக் கல்லில் அந்தச் சொல்லைப் பார்த்தால், அவர் புதுச்சேரிக்காரரா, பங்குக் கோயிலுக்கு என்ன செய்தார் என்று முதலில் விசாரியுங்கள்.

சி.எஸ்.ஐ.

ஆங்கிலேயர் காலத்துக் கல் ஒன்றைப் படமெடுத்து வந்த நண்பர், பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைக் காட்டி “இவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர்” என்றார். அந்தச் சபை பிறந்ததே 1947-ல், நம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில். கல்லில் இருப்பது கம்பானியன் ஆஃப் த ஸ்டார் ஆஃப் இண்டியா. விக்டோரியா ராணி 1861-ல் தொடங்கிய ஆர்டர்.

மெடலில் இருக்கும் ஆண்டு

லீஜியன் ஆஃப் ஹானர் சிலுவையில் 1870 என்றிருந்தால் அது பிரான்சில் மூன்றாம் குடியரசு வந்த ஆண்டு. தாத்தா வாங்கிய ஆண்டு இல்லை.

ரிப்பனை மாற்றுவது

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்கு ஒரு கெய்சர்-இ-ஹிந்த் கிடைத்தது. வெள்ளி, நீள்வட்டம், நடுவில் ஐந்தாம் ஜார்ஜின் முத்திரை எழுத்துகள். பொதுச்சேவைக்காக ஆங்கிலேய அரசு 1900-ல் தொடங்கிய மெடல் அது. காந்திக்கு 1915-ல் கிடைத்தது இதன் தங்க வகை. 1920-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் வாங்கியவர் பெயரைப் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை, என்னுடையதிலும் இல்லை. மங்கிப்போன பச்சை ரிப்பன் மட்டும், பள்ளிக்குப் போகிற பெண்பிள்ளையின் ரெட்டை ஜடையில் கட்டுவதுபோல் பட்டாம்பூச்சி முடிச்சாக இருந்தது. வீட்டில் குழந்தைகள் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் குப்பையில் போட்டேன். நேரான புது ரிப்பனைக் கோத்து, மீசை முறுக்கிய ஒரு ராவ் பகதூரின் மார்பில் அது தொங்குவதைக் கற்பனையும் செய்து பார்த்தேன்.

அப்புறம் இரண்டு வருடம் லீவு போட்டுப் போட்டு எழும்பூருக்கு அலைந்தேன். புத்தாண்டுப் பட்டியல், ராஜா பிறந்தநாள் பட்டியல் என்று 1910 முதல் 1936 வரை கெஸட் பக்கங்கள். மெட்ராஸ் மாகாணத்து ஆண்கள் பெயரையெல்லாம் நோட்டில் எழுதினேன். மிஸ், மிஸஸ் என்று வந்த வரிகளைத் தாண்டிக்கொண்டே போனேன்.

ஒருநாள் ஓர் ஏலக் கேட்லாகில் அதே பட்டாம்பூச்சி முடிச்சைப் பார்த்தேன். பெண்களுக்கு அந்த மெடலை அப்படித்தான் முடிச்சிட்டுக் கொடுத்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரோ, நர்ஸோ, பள்ளிக்கூடம் நடத்திய அம்மாவோ, நான் தாண்டிப்போன ஏதோ ஒரு வரியில் இருந்திருக்கிறார். அதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சியைத்தான் குப்பையில் போட்டிருந்தேன். இப்போது “முடிச்சு இருந்தது” என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? என் கையில் இருப்பது நேர் ரிப்பன். விற்கிறவன் கதைவிடுகிறான் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைப்பேன்.

ரிப்பன் வெறும் தொங்கு கயிறு இல்லை ஐயா. செயின்ட் கிரகோரியில் கமாண்டர் என்றால் அகல ரிப்பன், கழுத்தில். சாதா நைட் என்றால் மார்பில் குறுகலானது. லீஜியன் ஆஃப் ஹானர் ரிப்பனின் மேல் துணிப்பூ இருந்தால் செவாலியேக்கு மேற்பட்டவர். 1837-ல் கம்பெனி தன் இந்திய அதிகாரிகளுக்காக ஏற்படுத்திய ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு முதலில் நீல ரிப்பன். கழுத்தில் போட்டால் தலை எண்ணெய்க் கறை தெரிகிறது என்று அடுத்த வருடமே சிவப்பாக்கினார்கள் என்பார்கள். நம் ஊர் நல்லெண்ணெய்க்கும் அதில் பங்கு இருந்திருக்கும்.

மெட்ராஸ் புழுக்கத்தில் பட்டு நைந்துதான் போகும். போகட்டும். தூளானாலும் பட்டர் பேப்பரில் மடித்து, எந்த மெடலுடையது என்று பென்சிலால் எழுதி அதனுடனேயே வையுங்கள். பாலிதீன் பையில் போடாதீர்கள், வேர்த்துவிடும். வாங்கும் மெடலில் ரிப்பன் மாறியிருக்கிறதா என்று பார்க்க, ரிச்சி தெருவில் கிடைக்கும் கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் போதும். புதுச் செயற்கை இழை பெரும்பாலும் பளீரென்று ஒளிரும். பழைய பட்டு அப்படி மின்னாது.

‘இது யாரோ ஒட்டவைத்தது’ என்று கழற்றுவது

இதுவும் அதே வியாதி. போப்பாண்டவரின் இன்னொரு ஆர்டரான செயின்ட் சில்வெஸ்டரின் பழைய வெள்ளைச் சிலுவைக்குக் கீழே குட்டியாக ஒரு குதிமுள் (குதிரை ஓட்டுகிறவர் குதிகாலில் மாட்டுவது) தொங்கும். கழற்றிவிடாதீர்கள். 1905-ல் போப் பத்தாம் பயஸ் இரண்டாகப் பிரிக்கும்வரை அதுவும் பொற்குதிமுள் ஆர்டரும் ஒன்றாக இருந்தன. அந்தக் குதிமுள்தான் உங்கள் சிலுவையின் வயதுச் சான்று.

ஒரே மறைமாவட்டத்தில் தேடுவது

வத்திக்கானின் அதிகாரபூர்வ ஏடான ஆக்டா அபோஸ்தலிக்கே சேதிஸ் 1909 முதல் வருகிறது, இணையத்தில் இலவசம். பட்டம் பெற்றவர்களின் பட்டியல் அதில் இத்தாலிய மொழியில் இருக்கும். மெட்ராஸும் மயிலாப்பூரும் 1952-ல்தான் ஒரே மறைமாவட்டமாயின. அதற்கு முன் மயிலாப்பூர் ‘மெலியாபோர்’ (Meliapor) என்ற பெயரில் தனி. இரண்டிலும் தேடுங்கள். வீட்டில் சவரிமுத்து என்று கூப்பிட்டவர் அங்கே சேவியராக இருக்கலாம்.

பெட்டி

தம்பி கிளம்பும்போது கேட்டேன்.

“இது வந்த பெட்டி இருக்கா? மூடிக்கு உள்பக்கம், துணியில ரோம் கடைப் பேரு ஏதாச்சும் அச்சடிச்சிருக்கும்.”

“சின்னதா சிவப்புப் பெட்டியா சார்? அதுல அம்மா கம்மல் வச்சிருக்காங்க.”

“நாளைக்கே எடுத்துட்டு வா. கம்மலோட வந்தாலும் சரி.”