மீன் தொட்டி லைட்டுக்குக் கழற்றி மாட்டும் கனெக்டர்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது

தொட்டியைச் சுத்தம் செய்ய லைட்டைத் தூக்கினால் வயரும் கூடவே வரும், கை வேறு ஈரமாக இருக்கும். வயரின் நடுவே ஒரு கனெக்டர் இருந்தால் லைட்டை மட்டும் தனியாகக் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் எந்த வயரின் நடுவே என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

1. அடாப்டரைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இன்புட் 230 வோல்ட், அவுட்புட் 12 அல்லது 24 வோல்ட் டிசி என்று இருந்தால், அடாப்டரிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரில் மட்டும் கனெக்டர் போடலாம். அடாப்டரே இல்லாமல் 230 வோல்ட் நேராக லைட்டுக்குப் போகிறதா? அந்த வயரைத் தொடாதீர்கள், சுவர் பிளக்கைக் கழற்றுவதே போதும்.

2. அடுத்தது ஆம்பியர் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் வந்துவிடும். 36 வாட் லைட் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், அதே லைட் 24 வோல்ட் என்றால் 1.5 தான். 3 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் கனெக்டராவது வாங்குங்கள், அளவின் விளிம்பிலேயே ஓடினால் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்கள் சூடாகும். சாதாரண டிசி ஜாக் வேண்டாம் என்பேன். அதில் 2.1, 2.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு, மாற்றிச் செருகினாலும் சில சமயம் உள்ளே போய்விடும், ஆனால் லூஸாக ஆடும், அதோடு தண்ணீரையும் தடுக்காது.

3. கனெக்டரில் ஐபி 67 என்று போட்டிருந்தால் (தூசி, தண்ணீரைத் தடுக்கும் அளவு அது) 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். இரண்டு பாதியும் சேர்ந்து முறுக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் கணக்கு, கழற்றி வைத்த பாதிக்கு இது பொருந்தாது. அதனால் மூடியோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கனெக்டரின் பின்பக்கம் உள்ள ரப்பர், உருண்டையான வயரைத்தான் இறுக்கிப் பிடிக்கும். நான் சிவப்பு-கறுப்பு ஒட்டு வயரை அப்படியே உள்ளே விட்டு முறுக்கினேன். ஆறு மாதம் கழித்துக் கழற்றினால் பின்கள் மேல் பாசி மாதிரிப் பச்சை பூத்திருந்தது, இரண்டு வயருக்கும் நடுவே உள்ள பள்ளம் வழியாகவே ஈரம் இறங்கியிருக்கிறது. உருண்டை உறை போட்ட வயரையே வாங்குங்கள், அதன் வெளி விட்டமும் கனெக்டரில் சொல்லியிருக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

4. அடாப்டர் பக்கம் ஃபீமேல் (துளை உள்ள பாதி), லைட் பக்கம் மேல் (male, பின் நீட்டியிருக்கும் பாதி). மின்சாரம் வரும் பாதியில் பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரக்கையோ கத்தரிக்கோலோ பட்டு ஷார்ட் ஆகும். ஒரே பக்கமாக மட்டும் செருக முடிகிற காடி உள்ளதா என்றும் பாருங்கள். வயரை இணைத்ததும் லைட்டை மாட்டும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

5. அப்புறம் கனெக்டர் இருக்கும் இடம். தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள். வயர் கனெக்டருக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவர் பிளக்குக்கும் இப்படியே செய்யுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், கனெக்டர் வேலையைத் தொடங்கும் முன்பே வீட்டின் 230 வோல்ட் லைனில் அதைப் போட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கழற்றும்போது முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது பிடுங்கினால் பொறி பறந்து பின்கள் கருகும். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், ஓ-ரிங் (கனெக்டருக்குள் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் சுவிட்சை அணைத்த நிலையிலேயே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவி மூடுங்கள்.